எங்கள் லெவல் ஒன்றும் அவர்கள் லெவல் ஒன்றும்

‘எதை வைத்து’ குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் பேங்க்ஸ்மேன்களுக்கு வணக்கம்.

முதலில் உங்கள் பதவிப் பெயரில் உள்ள குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மதுரையிலிருந்தும் தார்வாடிலிருந்தும் வந்திருப்பவர்கள், “இதென்ன மேடம், பேங்க் வேலையா?” என்று கேட்கிறார்கள். இல்லை. இங்கே தங்கவயலில் சுரங்கம் ஓடிய காலத்தில், ஷாஃப்ட் எனும் செங்குத்துக் குழியின் வாயில் நின்றுகொண்டு, ஆட்களை இறக்கும் கேஜ் கூண்டில் யார் ஏறலாம், கேஜ் எப்போது இறங்கலாம் என்று மணியடித்துச் சொல்கிறவருக்குப் பேங்க்ஸ்மேன் என்று பெயர். அவர் பாறை உடைக்கமாட்டார். ஒரு குன்றிமணித் தங்கம்கூட அவர் கையால் வெளியே வந்ததில்லை. ஆனால் அவர் மணியடிக்காமல் யாரும் கீழே போக முடியாது. நம் குழுவில் கால்நடை மருத்துவர்கள் எழுதுகிற பதிவுகளைப் படித்து, எதை அனுப்பலாம், எதை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கலாம் என்று முடிவு செய்கிற வேலை உங்களுடையது. அதனால் அந்தப் பெயர்.

நான் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். ஊரிகத்தில் இருக்கிறேன். என் அப்பா சுரங்கத்துக்குள் இறங்கியவர். நான் அவரைவிடத் துணிச்சலான வேலை பார்த்தவள் என்று அவரிடமே சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். பாறை உதைக்காது, எருமை உதைக்கும். பணிக்காலத்தில் நல்ல பெயர் வாங்கினேன். ஆனால் எதற்காகவாவது என்னை நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இந்தக் குழுவுக்காக வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பற்றிப் பேசும்போது எனக்குத் தற்பெருமை தலைக்கேறுகிறது என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். ஏறட்டுமே. மூன்று மாநிலங்களில் மாட்டுக் கொட்டகைகளில் நிற்கிற மருத்துவர்கள் ஊசியை எடுக்குமுன் ஒரு கணம் யோசிக்கிறார்கள் என்றால், அதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

மருந்தின் அளவு, ஊசி போடும் இடம் எல்லாம் உங்கள் புத்தகங்களில் இருக்கின்றன. அவற்றை எழுதப்போவதில்லை. புத்தகத்தில் இல்லாத சிலதை மட்டும் சொல்கிறேன்.

கோலாரில் ஓர் ஓட்டல் கூடத்தில் மருந்து விற்பனைக் கூட்டம் ஒன்று நடந்தது. கூட்டம் என்றால், பின்னால் பிரியாணி, முன்னால் பேச்சு. தீவனத்தில் கலக்கிற பொடி ஒன்றைக் காட்டி, இதைப் போட்டால் பால் நிச்சயம் ஏறும் என்று ஒருவர் அடித்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் எழுந்து, “எதை வைத்துச் சொல்றீங்க?” என்று கேட்டேன்.

“நீண்ட நாள் அனுபவம் மேடம்.”

“யாரோட அனுபவம்? உங்களோடதா, மாட்டோடதா?”

கூடமே சிரித்தது. எனக்கும் குளிர்ந்துபோயிற்று. கை கழுவும் இடத்தில் ஜெயசீலன் பிடித்துக்கொண்டார். ஜெயசீலன் எங்கள் தங்கவயலிலேயே பாலகாட் பகுதிக்காரர், என்னோடு ஒரே வருடத்தில் படித்து முடித்தவர், தனியாக மருத்துவம் பார்க்கிறவர். “இன்னாமா, பிரியாணி போடறதுக்குள்ள கேட்டுட்டியே. துன்னுட்டுக் கேட்டா ஆவாதா?” என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, “அந்தாள மடக்கிட்ட, சரி. அந்தப் பொடி வேலை செய்யுதா இல்லியான்னு உனக்குத் தெரியுமா?” என்றார்.

எனக்குத் தெரியாது. வேலை செய்யாது என்று நான் நினைத்ததற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை. அன்று சாயந்திரம் இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தேடினோம். அதற்கு ஆதரவாகவும் எதிராகவும் உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படித் தேடித் தேடி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட வாட்ஸ்அப் உரையாடல்தான், நாலைந்து பேர் சேர்ந்து, பிறகு நூற்றுக்கணக்கில் சேர்ந்து, ஜெயசீலனின் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஒரு தளம் அமைத்துக் கொடுக்க, இன்று நீங்கள் பொறுப்பேற்றிருக்கும் ‘எதை வைத்து’ ஆயிற்று. குழுவின் முதல் விதி அந்தக் கைகழுவும் இடத்தில் பிறந்தது. எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்கிறவர், தானும் தேட வேண்டும். கேள்வி மட்டும் கேட்டுவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போகக் கூடாது.

இரண்டாவது விதி கொஞ்சம் வலியில் பிறந்தது. முல்பாகலில் ஒரு மூத்த மருத்துவர் இருக்கிறார். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார். கன்று திரும்பிக் கிடந்தால் அவர் கை போகிற இடத்துக்கு வேறு யார் கையும் போகாது. அவர் குழுவில் சேர்ந்த புதிதில், மடிநோய்க்குத் தான் பழகிவந்த ஒரு சிகிச்சையை எழுதினார். அன்றைக்கென்று கல்லூரியிலிருந்து வந்திருந்த சில பிள்ளைகள் கட்டுரை கட்டுரையாக எடுத்து வீசினார்கள். அவர் சொன்னது தவறு, பிள்ளைகள் சொன்னது சரி. இருந்தாலும் அவர் குழுவை விட்டுப் போய்விட்டார்.

நானும் ஜெயசீலனும் முல்பாகலுக்குப் போனோம். காபி கொடுத்தார். “தப்புன்னு சொன்னாங்க, அதுக்கு நான் போகலைங்க. நான் இன்னா பார்த்தேன்னு ஒருத்தனும் கேக்கல” என்றார். அவர் பார்த்தது என்னவென்று அங்கேயே கேட்டோம். நிறையப் பார்த்திருந்தார். அவற்றில் எந்தக் கட்டுரையிலும் இல்லாத ஒன்றிரண்டும் இருந்தன. மனிதர் திரும்பி வந்தார். அன்றிலிருந்து, ஒருவர் சொல்வதை மறுக்குமுன் அவர் என்ன பார்த்தார் என்று கேட்டாக வேண்டும். ஆதாரம் என்பது ஆளை அடிக்கிற தடி இல்லை. இதை நீங்கள் தினமும் மறப்பீர்கள். தினமும் ஒருவர் நினைவுபடுத்த வேண்டியிருக்கும்.

மூன்றாவது விதி ஜெயசீலனுடையது. ஒரு சிகிச்சையை முதல் முறை செய்யப்போகிற எவரும், செய்யுமுன் குழுவில் மூன்று வரி எழுத வேண்டும். என்ன கொடுக்கப்போகிறேன், எத்தனை விலங்குகளில் யார் பார்த்ததை நம்பிக் கொடுக்கிறேன், என் முடிவு தவறென்றால் எதைக்கொண்டு தெரிந்துகொள்வேன். இதற்கு ‘மணியடிப்பது’ என்று பெயர் வைத்தார். ஆரம்பத்தில் ஊசிக்கு முன்னால் பூசையா என்று பலர் கிண்டல் செய்தார்கள். கிண்டல் செய்தவர்கள்தான் இப்போது முதலில் மணியடிக்கிறார்கள்.

அதே ஜெயசீலன்தான் லெவலையும் கொண்டுவந்தார்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஆதாரம் எவ்வளவு கெட்டியானது என்று ஒரு முத்திரை வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். ஜெயசீலன் பட்டென்று, “இதுக்கு எதுக்கு யோசனை? லெவல் போட்டுடுவோம்” என்றார். இந்த ஊரில் லெவல் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுரங்கத்தில் மண்ணுக்குக் கீழே முதலில் வருவது ஒன்றாவது லெவல். இறங்க இறங்க எண் கூடும். யாருடைய அப்பா எத்தனையாவது லெவலில் வேலை செய்தார் என்று சொல்லித்தான் பள்ளிக்கூடத்தில் நாங்கள் சண்டை போடுவோம். எண் பெரிதாக இருந்தால் மதிப்பு பெரிது. ஆகவே, யாரோ சொல்லிக் கேட்டது லெவல் ஒன்று. தானே பார்த்தது லெவல் இரண்டு. பலர் பல இடங்களில் எண்ணிக் குறித்துவைத்தது லெவல் மூன்று. சிகிச்சை கொடுத்த விலங்குகளையும் கொடுக்காத விலங்குகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது லெவல் நான்கு. ஆழம் போகப் போகத் தங்கம் கூடும் என்பதே நிரூபிக்கப்படாத விஷயம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. உண்மையைச் சொன்னால் எனக்கும்தான்.

இதற்குப் பிறகு நடந்ததற்காகத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன்.

கழலை நோய் எங்கள் பக்கம் பரவிய சமயம். மாட்டின் உடம்பு முழுக்கக் கட்டி கட்டியாகப் புறப்பட்டு, காய்ச்சல் அடித்து, பால் வற்றி, பார்க்கவே மனசு ஆறாது. அதைக் கொல்கிற மருந்து என்று நம்மிடம் எதுவும் கிடையாது. காய்ச்சலைத் தணிக்கலாம், புண்ணைப் பராமரிக்கலாம், ஈ மொய்க்காமல் காக்கலாம், மற்ற மாடுகளிடமிருந்து பிரித்துக் கட்டலாம். இப்படிக் கைகட்டி நிற்க வேண்டிய நேரத்தில்தான் அற்புத ஊசிகள் முளைக்கும். பங்காரப்பேட்டையில் மருந்து விற்கிற ஆட்கள் ஓர் ஊசியைப் பெரிய அளவில் போட்டால் கழலை மறுநாளே அமுங்கும் என்று பரப்பிவிட்டார்கள். மருந்தின் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அரை மணியில் அது ஃபார்வர்டாகப் போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

ஜெயசீலன் அதைக் குழுவில் எழுதினார். இப்படி ஓர் ஊசி பேசப்படுகிறது, அளவு இவ்வளவு என்கிறார்கள் என்று எழுதி, லெவல் ஒன்று என்று முத்திரை போட்டார். வேறு எச்சரிக்கை எதுவும் எழுதவில்லை. எங்களுக்கு அந்த முத்திரையே வசவு.

அந்த வாரம் பெங்களூரில் ஒரு கூட்டம். மாநிலத்தின் பெரிய பெரிய கால்நடை மருத்துவர்களும் ஆசிரியர்களும் வந்து உட்காருகிற சபை. நம் குழுவைப் பற்றிப் பேச எங்கள் இருவரையும் அழைத்திருந்தார்கள். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஊரிகத்தில் காலை ரயில் ஏறினேன். ஜெயசீலன் ஏற்கெனவே இடம் பிடித்து வைத்திருந்தார். மடியில் மடிக்கணினி. திரையில் அவர் இரவெல்லாம் வரைந்த படம்: ஷாஃப்ட், கேஜ், கீழே வரிசையாக நான்கு லெவல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மாடு. “எப்படி?” என்றார். மாடுகளெல்லாம் ஆடு மாதிரி இருக்கின்றன என்றேன்.

அப்போதுதான் குழுவில் ஒரு மணி அடித்தது. அடித்தவர் நவீன். பூதிகோட்டைக்குப் புதிதாக வந்த மருத்துவர், பெங்களூரில் படித்தவர், வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவர் எழுதியிருந்தது: “நிறை சினை மாடு. உடம்பு முழுக்கக் கழலை, நல்ல ஜுரம். லெவல் ஒன் ஊசி கொடுக்கப்போறேன். எத்தனை மாட்டுல பார்த்தாங்கன்னு பதிவுல இல்லை. அந்த வரி எழுத முடியலை. யாராவது சொல்லுங்க, ஊசி கையில இருக்கு.”

ஜெயசீலன் வாயால் சொல்லிக்கொண்டே தட்டினார். “ஒரு மாட்டுலயும் பாக்கல. அதுக்குத்தான் லெவல் ஒன்னு போட்டேன்.”

“சார், ஜோக் பண்றீங்களா? லெவல் ஒன்னுன்னா டாப் எவிடென்ஸ்தானே?”

ஜெயசீலன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். “இன்னாபா டாப்பு? அது மண்ணுக்குக் கீழ மொத லெவலு. எட்டிப் பாத்தா ஆகாசம் தெரியும்!” என்று எழுதினார்.

அதற்குள் தெற்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிற பேராசிரியர் ஒருவர், குழுவில் அதிகம் பேசாதவர், உள்ளே வந்தார். “மன்னிக்கவும். நாங்கள் படித்த பாடங்களில் லெவல் ஒன்றுதான் ஆதாரத்தின் உச்சம். எண் கூடக் கூடத் தரம் குறையும். நான் சேர்ந்த நாளிலிருந்து உங்கள் முத்திரைகளை அப்படித்தான் படித்துவருகிறேன்.”

“அப்ப நம்ம லெவல் நாலு?” என்று ஜெயசீலன் கேட்டார்.

“அதையெல்லாம் ஒதுக்கிவிட்டேன்.”

ரயில் ஓடிக்கொண்டிருந்தது. தங்கவயலில் பிறந்தவர்கள் ஒருவிதமாகவும், வெளியூர்க்காரர்கள் தலைகீழாகவும் ஒரே முத்திரையைப் படித்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறோம். நாங்கள் குப்பை என்று ஒதுக்கியதை அவர்கள் தங்கம் என்று எடுத்திருக்கிறார்கள். எந்த ஊரில் எந்தக் கொட்டகையில் எதை நம்பி எதைக் கொடுத்தார்களோ. இது எங்கள் ஊர்க்காரர்களால் மட்டுமே செய்யக்கூடிய பிழை. வேறு எந்த ஊரில் ஒன்று என்ற எண்ணைப் பார்த்தவுடன் இன்னும் ஆழம் இறங்கவில்லை என்று தோன்றும்?

என் போன் அடித்தது. நவீன்.

“மேடம், ஊசியைக் கீழ வெச்சுட்டேன். ஆனா மாட்டுக்காரம்மா விடமாட்டேங்கறாங்க. பக்கத்து ஊர்ல இதைப் போட்டுக் கழலை இறங்கிடுச்சாம். நான் போடலைன்னா மருந்து விக்கறவரைக் கூப்பிட்டுப் போட்டுக்குவேன்னு சொல்றாங்க. நான் என்ன சொல்லட்டும்?”

அந்த ஊசி சினை மாட்டின் வயிற்றில் இருப்பதைக் கலைக்கும் என்பது ஆழமான லெவலில் உள்ள விஷயம். எங்கள் கணக்குப்படி ஆழம். அது நவீனுக்கும் தெரியும். உச்ச ஆதாரம் என்று நினைத்ததால், தாயைக் காப்பாற்ற அந்த ஆபத்தை ஏற்கத் துணிந்திருந்தார். பங்காரப்பேட்டை வந்துகொண்டிருந்தது. நான் பையை எடுத்தேன்.

“எங்கமா போற? கூட்டம் இன்னாவறது?” என்றார் ஜெயசீலன்.

“நீ பேசு.”

“நானா? என் படமே இந்த லெவலுதானே!”

“அதையே காட்டு. நடந்ததையும் சொல்லு.”

அவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

ஆட்டோ பிடித்துப் பூதிகோட்டை போய்ச் சேர்ந்தேன். மாட்டுக்காரம்மாவின் பெயர் ரத்னம்மா. வீட்டில் தெலுங்கு, பால் டெய்ரியில் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்று மாடுகள். அந்த வீட்டின் அடுப்பு டெய்ரிப் பாலை நம்பித்தான் எரிந்தது. கொட்டகை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பட்டுச் சீரை கட்டிகினு வந்திருக்கீங்க. என் மாட்டுக்குக் கல்யாணமா?”

“கூட்டத்துக்குக் கிளம்பினேன்மா. பாதியில இறங்கி வந்தேன்.”

“இந்த சாரு ஊசி எடுத்தாரு. போனப் பாத்தாரு. ஊசியக் கீழ வெச்சிட்டாரு. மாடு போன்ல இருக்குதா, இங்க இருக்குதா மேடம்?”

நியாயமான கேள்வி. நவீன் தலையைக் குனிந்துகொண்டு மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். மாடு நாக்கை நீட்டி மூச்சு வாங்கியது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் பார்த்தேன். கன்று உள்ளே அசைந்தது.

“இந்த ஊசி வேணாம்மா” என்றேன்.

“வேணாம்னு எத வெச்சி சொல்றீங்க?”

நம் குழுவின் பெயரை அந்தம்மா அறிந்திருக்க வாய்ப்பே இல்லை. நவீன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இப்படி ஒருவர் கேட்டால் நாம் என்ன சொல்ல வேண்டும் என்று எத்தனையோ பேருக்குக் கற்பித்திருந்த நான், அன்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“போட்டா பொழைக்கும்னு யாரும் எண்ணிப் பாக்கலை. போடலைன்னா பொழைக்கும்னு நானும் சொல்லமாட்டேன். ஆனா சினை மாட்டுக்கு இதப் போட்டா வயித்துல இருக்கறது நிக்காதுன்னு நிறையப் பாத்திருக்காங்க. அது மட்டும் தெரியும்.”

“அப்ப பக்கத்து ஊரு மாடு?”

நவீன் பதில் சொன்னார். “அது ஊசியால இறங்குச்சா, தானா இறங்குச்சான்னு தெரியாதும்மா. சிலதுக்குத் தானாவும் இறங்கும்.”

“அப்ப நீங்க இன்னா பண்ணப்போறீங்க?”

“ஜுரத்துக்குப் பார்ப்பேன். புண்ணுக்குப் பார்ப்பேன். ஈ வராம செய்வோம். மத்த ரெண்டையும் பிரிச்சுக் கட்டுவோம். தினமும் வருவேன்.”

“தினமுமா?”

“தினமும்.”

“ஊசி போடற ஆளு ஒரு தபா வருவாரு, அவ்ளோதான்” என்று ரத்னம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் கொண்டுவரப் போனார். சம்மதம் என்று நாங்களாகப் புரிந்துகொண்டோம்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம் தொழிலில் கை சும்மா இருக்காது. மாட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார், ஊரே பார்த்துக்கொண்டிருக்கும், ஏதாவது செய்தால்தான் மருத்துவர். மருந்து ஏற்றிய ஊசியைக் கீழே வைப்பதுதான் நான் பார்த்த சிகிச்சைகளிலேயே கடினமானது. நவீன் அதைத் தானாகச் செய்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. எழுத முடியாத ஒரு வரி அவரைத் தடுத்தது. அன்று ஆட்டோவில் திரும்பி வரும்போது சாணி ஒட்டிய பட்டுப்புடவையோடு நான் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். நாங்கள் போட்ட மூன்று வரிப் பழக்கம், எங்கள் முத்திரையால் வந்த ஆபத்தை எங்கள் துணையில்லாமலே பிடித்துவிட்டது. ஒரு குழுவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சாயந்திரம் ஜெயசீலன் போன் செய்தார். “படத்தக் காட்டினேன்மா. இந்தப் படம் இன்னிக்குக் காலையில ஒரு மாட்டு வயித்துல இருந்த கன்னக் கொன்னிருக்கும்னு சொன்னேன். மொதல்ல சிரிச்சாங்க. அப்பறம் முழுக்கச் சொன்னேன். ஒரு பெரியவரு எழுந்து, எப்பிடிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டாரு. நாங்க கண்டுபிடிக்கலைங்க, புதுசா வந்த ஒருத்தரு மணியடிச்சாருன்னு சொன்னேன். அந்த மணிய எங்களுக்கும் குடுங்கன்னு கேக்கறாங்க.”

“லெவல்?”

“லெவல யாரு கேப்பா?” என்று சிரித்தார். இரவெல்லாம் உட்கார்ந்து வரைந்த படம்.

அந்த வாரமே லெவலை எடுத்துவிட வேண்டும் என்று ஜெயசீலனே எழுதினார். எண்ணே வேண்டாம்; கேட்டது, பார்த்தது, எண்ணியது, ஒப்பிட்டது என்று நான்கு சொற்கள் போதும்; கன்னடத்திலும் தெலுங்கிலும் அதையே போடலாம் என்றார். பழைய பதிவுகளையெல்லாம் உட்கார்ந்து மாற்றினோம். எங்கள் ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். நம்ம அப்பனுங்க இறங்கின லெவல நாமே அழிக்கறதா என்று ஒருவர் எழுதினார். “அப்பன் மேல இருக்கிற மரியாதைக்கு அடுத்தவன் மாட்டை பலி குடுக்க முடியாதுபா” என்று ஜெயசீலன் ஒரே வரியில் முடித்தார். எனக்கும் மனசு கனத்தது. ஆனால் தான் பெற்ற சொல்லைத் தானே வெட்டிப்போட்ட அந்த மனிதரை நண்பர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அத்தனை கர்வம்.

இப்போது நீங்கள் அந்த மாடு பிழைத்ததா என்று கேட்பீர்கள். மெல்லத் தேறியது. கன்றும் தங்கியது. உடனே குழுவில் வாழ்த்து மழை. நவீன் அதை நிறுத்தினார். “ஒரு மாடு பிழைச்சதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இது வெறும் ‘பார்த்தது’” என்று எழுதினார்.

பிறகு ரத்னம்மாவின் இன்னொரு மாட்டுக்கும் கழலை வந்தது. பிரித்துக் கட்டியும் வந்தது. அது சினை இல்லை, நல்ல கறவை. அதே பராமரிப்பு. நவீன் அதற்கும் தினமும் போனார். அது இறந்துவிட்டது.

அன்று மாலை நவீன் குழுவில் தன் பெயரோடு எழுதினார்: “இரண்டு மாடுகள். ஒரே பராமரிப்பு. ஒன்று பிழைத்தது, ஒன்று இறந்தது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.” அதுவரை நம் குழுவில் யாரும் தன் கையில் இறந்த மாட்டைப் பற்றி எழுதியதில்லை. பிழைத்தவைதான் பதிவாகும். பிறகு முல்பாகல் மருத்துவர், அந்த மூத்தவர், தான் இழந்த மாடுகளை ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தார். என்ன கொடுத்தேன், எப்போது இறந்தது, எங்கே சந்தேகம் என்று. அவரைத் தொடர்ந்து மற்றவர்கள். தெற்கே இருந்து, வடக்கே இருந்து, ஆந்திரப் பக்கத்திலிருந்து. இன்று நம் குழுவில் உள்ளதிலேயே விலைமதிப்பான பகுதி அந்த இறப்புகள்தான். எண்ணுவதற்கு அவையும் வேண்டும். அவை இல்லாத கணக்கு, பொடி விற்கிறவரின் கணக்கு.

அந்தப் பதிவை எழுதுகிற தைரியம் நவீனுக்கு எப்படி வந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியும். மாடு இறந்த காலையில் அவர் கூப்பிட்டு நானும் போயிருந்தேன்.

ரத்னம்மா மாட்டின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அழுது முடித்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“சார், இது சினை இல்லியே. அந்த ஊசிய இதுக்காவது போட்டிருந்தா பொழச்சிருக்குமா?”

என் வாயில் பதில் தயாராக இருந்தது. முப்பதாண்டு பழகிய வாய். ‘எதுவும் செஞ்சிருக்க முடியாதும்மா, விதி முடிஞ்சுபோச்சு’ என்று ஆரம்பித்து, தோளைத் தட்டி, அந்தம்மாவையும் நம்மையும் ஒருசேரத் தேற்றிவிடலாம். நான் வாயைத் திறக்குமுன் நவீன் அவருக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“தெரியாதும்மா.”

ரத்னம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“போட்டிருந்தா பொழச்சிருக்கலாம். இன்னும் சீக்கிரமாச் செத்தும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா அது பொய்.”

ரத்னம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களை வெளியே போகச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தாலும் குற்றம் சொல்லமாட்டேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தரையில் கை ஊன்றி எழுந்தார்.

“சரி, வாங்க சார். மத்த ரெண்டையும் பாருங்க” என்று சொல்லிவிட்டு, கொட்டகையின் மறுபக்கம் எங்களுக்கு முன்னால் நடந்தார்.